பரீட்சைக்கு வந்த நெஞ்சு

இங்கன உக்காருங்கம்மா. அந்த பெஞ்சு வேண்டாம், ஒரு கால் ஆடும். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிடுங்க, மூச்சு வாங்காம தூங்கும். மொத தடவையா வாறிய? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, வாற வழியெல்லாம் அழுதிருக்கிய. நெஞ்சுல ஓட்டைன்னுதான சொன்னாவ? இங்க வாற பிள்ளைங்கள்ல பாதிக்கு அதான். எங்க மவ பெனிட்டாவுக்கும் அதான். இருந்துச்சு. இப்ப இல்லங்காவ. அதத்தான் சொல்ல வாறேன்.

இருதயத்துல மேல் ரூமுல ஓட்டையா, கீழ் ரூமுலயா? தெரியாதா? கேட்டு வச்சுக்கிடுங்கம்மா. பேரை மனப்பாடம் பண்ணிக்கிடுங்க. நான் எட்டாங்கிளாஸுதான். ஆனா பெனிட்டாவுக்கு என்னன்னு யாரும் கேட்டா, வென்ட்ரிக்குலர் செப்டல் டிஃபெக்ட், சிறுசு, பான்சிஸ்டாலிக் மர்மர், ஆறுக்கு நாலு, இடது பக்கம் நெஞ்செலும்ப ஒட்டி நாலாவது விலா இடுக்குல, அப்படின்னு மூச்சு விடாம சொல்லிருவேன். மர்மர்னா சத்தம், ஆறுக்கு நாலுங்கது அதோட அளவு. ரத்தம் அந்த ஓட்டை வழியா பீச்சி அடிக்கும்லா, அந்தச் சத்தம். ஓட்டை சிறுசா இருந்தாத்தான் சத்தம் பெருசாக் கேக்கும். குழாய் வாயில விரல வச்சுப் பிடிச்சா சீறுமே, அது மாதிரி. இதெல்லாம் ஒருத்தரும் என்னைய உக்கார வச்சு சொல்லித் தரல. பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்லுவாவ, நான் பக்கத்துல பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஆறு வருசம் நின்னேன்.

பெனிட்டாவுக்கு ஒண்ணரை வயசுல கண்டுபிடிச்சது. அப்ப பாத்தது ஒரு சின்ன வயசு டாக்டர். அவிய சொன்னாவ, சின்ன ஓட்டைதாம்மா, தானாவே மூடினாலும் மூடிரும், பயப்படாதிய, மத்த பிள்ளைங்க மாதிரி ஓடட்டும், ஆடட்டும், ஒண்ணும் செய்யாதுன்னு. எனக்கு அவியள நம்பிக்கையே வரல. கல்யாணம் ஆகாதவிய. பிள்ளை பெத்தவ வயித்துல இருக்க பயம் அவியளுக்கு என்ன தெரியும்? நெஞ்சுல ஓட்டைய வச்சுக்கிட்டு ஓடுன்னு எந்தத் தாயாவது விடுவாளா? நீங்க விடுவியளா? பாத்தியளா, நீங்களும் விட மாட்டிய.

அதனால நான் விடல. நடக்கலாம். படி ஏறலாம், ஒரு படி ஏறி ஒரு நிமிசம் நிக்கணும். பள்ளிக்கூடத்துல பி.டி. சாருட்ட மொத நாளே போய் சொல்லிட்டேன். அவரு நல்ல மனுசன். இவள வெறும்ன உக்கார வைக்காம, ஓட்டப்பந்தயம் நடக்கையில அந்தக் கடைசில ரிப்பன் பிடிப்பாவல்லா, அந்த வேலையக் குடுத்தாரு. ஒரு பக்கம் இவ, ஒரு பக்கம் வாட்ச்மேன். ஒண்ணாங்கிளாஸுல இருந்து இவதான் ரிப்பன். எல்லாப் பிள்ளைங்களும் இவள நோக்கித்தான் ஓடி வரும். எனக்கு அதப் பாக்கப் பெருமையா இருக்கும்.

பரீட்சைக்குக் கேஸா எப்படி ஆனோம்னு கேளுங்க. நாலு வயசுல ஒரு நாள் செக்கப்புக்கு வந்திருந்தோம். பெரிய டாக்டர் காதுல மாட்டுத குழாய வச்சுப் பாத்தாவ. பாத்துட்டு அங்கன நின்ன பிள்ளைங்களக் கூப்புட்டு, வாங்கய்யா, வாங்கம்மா, இந்த மாதிரி சத்தம் புஸ்தகத்துலதான் படிச்சிருப்பிய, வந்து கேளுங்கன்னாவ. இருபது பேரு வரிசையா நின்னு கேட்டாவ. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே, எங்க தெரு பூராவும் சொன்னேன். எங்க வீட்டுக்காரவிய சைக்கிள் கடையில வாறவிய போறவியகிட்டல்லாம் சொன்னாவ. பக்கத்து வீட்டுல பையன் பேச்சுப் போட்டியில கப்பு வாங்கியிருந்தான். வாங்கட்டும்.

அதுல இருந்து எங்களத்தான் கூப்புடுவாவ. வருசத்துக்கு ரெண்டு பரீட்சை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குக் கடைசி வருசத்துல நோயாளிய முன்னால வச்சுதான் பரீட்சை, பாத்துக்கிடுங்க. என்ன நோயின்னு அவியளே பாத்துக் கண்டுபிடிக்கணும். முந்துன நாளு போன் வரும், பெனிட்டாவக் கூட்டிட்டு வந்திருங்கன்னு. காலம்பற ஏழு மணிக்கு வரணும். இட்லி, டீ, பதினோரு மணிக்கு பிஸ்கெட்டு, மத்தியானம் சாம்பார் சாதம் பொட்டலம். எங்க ஆஸ்பத்திரி நோட்டையெல்லாம் வாங்கி உள்ள வச்சிருவாவ. பெரிய டாக்டர் வந்து வரிசையா எல்லாத் தாய்மாருகிட்டயும் சொல்லுவாவ, பிள்ளைங்க கேட்டா என்ன நோயின்னு சொல்லிராதியம்மா, அவிய படிச்சு வரணும்னு. சரிங்கய்யான்னு தலைய ஆட்டுவோம்.

சொல்லாம இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. மொத வருசம் ஒரு பையன் வந்தான். கறுப்பா, ஒல்லியா, ஏதோ மலையடிவாரத்து ஊரு. கை ஜில்லுன்னு இருக்கு, பிள்ளை நெஞ்சுல வச்சா பிள்ளை துள்ளுதா. குழாய வச்சான், எடுத்தான், வச்சான், எடுத்தான். கண்ணு கலங்கிப் போச்சு. அக்கா, எனக்கு ஒண்ணும் புரியலக்கா, எங்க வீட்டுல நான்தான் மொத டாக்டருக்கா அப்படிங்கான். அந்தப் பிள்ளையப் பாத்துட்டு எப்படி வாயப் பொத்திக்கிட்டு நிக்க? சொன்னேன். எழுதிக்கிட்டான். பாஸாயிட்டான். இன்னைக்கு வரைக்கும் கிறிஸ்துமஸுக்கு போன் பண்ணுதான்.

அந்தால பெரிய பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்ககிட்ட சொல்லி, எனக்குப் பேரே பெனிட்டா அக்கான்னு ஆயிப் போச்சு. மூணாவது கட்டில்ல பெனிட்டா அக்கா இருந்தா கும்பிட்டுட்டு உக்காருன்னு பேசிக்கிடுவாவளாம். பெனிட்டாவும் லேசுப்பட்டவ இல்ல. சட்டையத் தூக்கச் சொல்லுறதுக்கு முன்னால தூக்கிருவா. மூச்ச இழுத்துப் பிடிக்கச் சொல்லுறதுக்கு முன்னால பிடிச்சிருவா. கைல படக்கதைப் புஸ்தகம் இருக்கும், அதுல இருந்து கண்ண எடுக்காமலே, அண்ணா அங்க இல்ல, இங்கன்னு அந்தக் குழாயப் பிடிச்சு நாலாவது இடுக்குல கொண்டு வைப்பா. வச்சதும் அந்த அண்ணனுக்குக் கேட்டிரும். ஆமா ஆமா கேக்கு கேக்குன்னு தலைய ஆட்டுவான். ஆறு வருசத்துல நூத்தம்பது பேராவது கேட்டிருப்பாவ. ஒருத்தராவது கேக்கலன்னு சொன்னதில்ல.

எக்கோவா, அந்த நெஞ்சு ஸ்கேனா? உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காவளா? எடுத்திருங்க. பெனிட்டாவுக்கு அஞ்சு வயசுல எடுத்தது. அதுக்குப் பெறகு ரெண்டு தடவை தேதி குடுத்தாவ. என் நேரம், ரெண்டு தடவையும் பரீட்சை அன்னைக்குன்னு அமைஞ்சு போச்சு. பரீட்சைக்கு வாறேன்னு போன்ல சொல்லியாச்சு. பத்துப் பிள்ளைங்க வாழ்க்கை. எக்கோ எங்க ஓடிப் போகுது, சத்தம்தான் அப்படியே இருக்கேன்னு பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். செக்கப்புல உக்காந்திருக்கவியளும் எங்களப் பாத்துப் படிச்சு பாஸான பிள்ளைங்கதான. வாங்கக்கான்னு சிரிச்சுக்கிட்டே வச்சுப் பாத்துட்டு, அதே சத்தம்னு பழைய சீட்டுல இருக்கத எழுதித் தந்திருவாவ.

இப்ப மூணு மாசத்துக்கு முன்னால நடந்ததச் சொல்லுதேன். அன்னைக்கு எங்க கட்டிலுக்குக் கடைசியா வந்தது ரெண்டு பேரு. மொதல்ல ஒரு பையன். நான் சொன்னத எழுதிக்கிட்டான். பெரிய டாக்டர் வந்து கேக்கையில, சத்தம் ஆறுக்கு நாலு, கைய வச்சாலே அதிர்வு தெரியுது சார்ங்கான். அந்த அதிர்வு நான் சொன்னது கூட இல்லம்மா. அவனாச் சேத்துக்கிட்டான். கெட்டிக்காரப் பையன். நல்ல மார்க்கு வாங்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டாவது ஒரு பெண் பிள்ளை. ஆபிதான்னு பேரு. தலையில முக்காடு, மூக்குல கண்ணாடி, வந்ததும் ஒரு சலாம் வச்சுச்சு, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துச்சு. கேள்விய ஆரம்பிச்சுச்சு பாருங்க. பிறந்தப்ப எடை என்ன. பால் குடிக்கையில வேர்க்குமா. சளி பிடிக்குமா. எனக்கு எரிச்சலா வருது. எனக்கு எல்லாத்துக்கும் ஒரே வரியில பதில் இருக்கு, அதக் கேட்டா போதாதா?

ஓடுவாளான்னு கேட்டுச்சு. ஓட மாட்டான்னேன். ஓடுனா மூச்சு வாங்குமான்னுச்சு. வாங்குனதில்லன்னேன். நெஞ்சு வலிக்குமா? வலிச்சதில்ல. அப்ப ஏன் ஓட மாட்டான்னு கேட்டுச்சு. நான் விட மாட்டேன்னேன். அந்தப் பிள்ளை என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. பாத்துட்டு அதையும் எழுதிக்கிடுச்சு. இத எதுக்கு எழுதுதா, இது நோயாங்கேன் மனசுக்குள்ள.

குழாய எடுத்துச்சு. பெனிட்டா வழக்கம் போல நாலாவது இடுக்குல கொண்டு வச்சா. அந்தப் பிள்ளை மெதுவா எடுத்து, நீ சும்மா இரு பாப்பா, நானே தேடுறேன்னு சொல்லிட்டு மேல வச்சுச்சு, கீழ வச்சுச்சு, முதுகுல வச்சுச்சு. உக்கார வச்சுக் கேட்டுச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுக் கேட்டுச்சு. பாப்பா, எந்திரிச்சு பத்துத் தடவை குதின்னுச்சு. நான் பதறிட்டேன். அதெல்லாம் வேண்டாம்மா, அவளுக்கு ஆவாதுன்னேன். பெனிட்டா என்னையப் பாத்தா. அந்தப் பிள்ளையப் பாத்தா. படக்கதைப் புஸ்தகத்தக் கீழ வச்சுட்டுக் குதிச்சா. பத்துன்னு சொன்னதுக்குப் பதினஞ்சு குதிச்சா கழுதை.

நேரம் போகுது. மத்த கட்டில்ல எல்லாம் எழுதி முடிச்சாச்சு. எனக்குப் பரிதாபமாப் போச்சு. குனிஞ்சு, வி.எஸ்.டி.ம்மா, ஆறுக்கு நாலுன்னு காதுல சொன்னேன். தயவு செஞ்சு சொல்லாதீங்க அக்கான்னுச்சு. எட்டு வருசமா இருக்கு பிள்ள, எழுதுன்னேன். எனக்குக் கேக்கலையே அக்கான்னுச்சு. அழுவுத மாதிரி இருக்கு மூஞ்சி. ஆனா எழுதல. அவ்வளவு பிடிவாதம். ஒருத்தி மெனக்கெட்டு சொல்லுதாளே, அவ மரியாதைக்காவது எழுதலாம்லா?

வந்துட்டாவ. எங்க பெரிய டாக்டரும், கூட வெளியூருல இருந்து பரீட்சை வைக்க வந்த ஒரு வயசான டாக்டரும். எங்க டாக்டரு அவியகிட்ட, இது எங்க வார்டு ராசாத்தி, புஸ்தகத்துல போட வேண்டிய சத்தம்னு சொல்லுதாவ. என்னம்மா கண்டுபிடிச்சன்னு கேட்டாவ. அந்தப் பிள்ளை எந்திரிச்சு நின்னுச்சு. இருதயத்துல ரெண்டு சத்தமும் சரியா இருக்கு சார், வேற சத்தம் எனக்குக் கேக்கலன்னுச்சு.

எங்க டாக்டரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. நல்லா யோசிச்சு சொல்லும்மா, இன்னொரு தடவை வச்சுப் பாக்கியான்னாவ. பத்துத் தடவை வச்சுப் பாத்துட்டேன் சார், இருக்குன்னு சொன்னா அது பொய் சார்னுச்சு. சரி, இவ கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இன்னும் ஆறு மாசம் வீட்டுல உக்காந்து படிக்க வேண்டியதுதான்.

வெளியூர் டாக்டரு முன்னால வந்தாவ. குனிஞ்சு குழாய வச்சாவ. ரொம்ப நேரம் வச்சிருந்தாவ. நிமிந்து எங்க டாக்டரப் பாத்து, நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்னாவ. எங்க டாக்டரு வச்சாவ. எடுத்து குழாய ஊதிப் பாத்தாவ. விரலால தட்டிப் பாத்தாவ. மறுபடி வச்சாவ. பெறகு பக்கத்துல நின்ன டாக்டரம்மா குழாய வாங்கி, அதையும் வச்சுப் பாத்தாவ. பாத்துட்டு என் பக்கம் திரும்பி, கடைசியா எக்கோ எப்பம்மா எடுத்தன்னாவ. நான் நடந்ததச் சொன்னேன். எக்கோவுக்குத் தேதி குடுத்த அன்னைக்குத்தான் நீங்க பரீட்சைக்குக் கூப்ட்டியன்னேன்.

உடனே மேல கூட்டிட்டுப் போயி எக்கோ எடுத்தாவ. நாலு டாக்டரு சுத்தி நிக்காவ. டி.வி.ல ஏதோ கறுப்பும் வெள்ளையுமா ஆடுது. ஓட்டை மூடியிருக்கு. சுத்தமா மூடியிருக்கு, தழும்பு மாதிரி ஒரு கோடுதான் இருக்கு, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா, இனிமே நீங்க வரவே வேண்டாம்னாவ. ஆபிதா பாஸு. அது வேற.

சந்தோசமா இல்லையான்னு கேக்கியளா? சந்தோசம்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு அங்கனயே முட்டங்கால் போட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லிராதிய. மத்தியானம் அந்தச் சாம்பார் சாதப் பொட்டலத்தக் கையில குடுத்துட்டு, இனிமே வர வேண்டாம்னு சொன்னாவ பாருங்க, அப்ப எனக்கு வேலைய விட்டு நிப்பாட்டுன மாதிரி இருந்துச்சு. வெக்கமாத்தான் இருக்கு சொல்ல. அந்தப் பொட்டலத்தப் பிரிக்கவே தோணல.

எனக்குக் கோவம் அந்தப் பிள்ளைங்க மேலதான். நூத்தம்பது பேரு. இருக்கு இருக்குன்னு சொன்னியளே, எல்லாரும் படிச்சவியதான? இல்லாத சத்தம் எப்படிய்யா உங்களுக்குக் கேட்டுச்சு? அவியளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாவளோ தெரியல.

வாசல்ல அந்த ஆபிதா ஓடி வந்துச்சு. அக்கா, கோவமான்னுச்சு. இல்லன்னேன். நீங்க என்னைக்காவது கேட்டிருக்கீங்களா அக்கான்னு கேட்டுச்சு. எதைன்னேன். குழாயக் கழட்டி என் காதுல மாட்டிவிட்டுச்சு. யோசிச்சுப் பாக்கேன், ஆறு வருசத்துல ஒருத்தரும் என் காதுல அத வச்சதில்லம்மா. நானும் கேட்டதில்ல. எங்க கேக்கும், எப்படிக் கேக்கும், ஆறுக்கு எத்தனை எல்லாம் சொல்லுவேன். அந்தச் சத்தத்த நான் கேட்டதே கிடையாது. இப்பத்தான் மொத தடவையா வச்சுக் கேக்கேன். டொப்பு டொப்பு டொப்புன்னு போகுது. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு அழுகை வந்துட்டு. பிள்ளை நெஞ்சுல இருந்து எடுக்க மனசே வரல. பெனிட்டாதான், போதும்மா பஸ்ஸு போயிரும்னா.

பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டா. பெறகு, எப்பம்மா மூடிச்சுன்னா. தெரியலட்டின்னேன். அப்ப நான் போன வருசம் நாலாங்கிளாஸுல ஓடியிருக்கலாமான்னா. அது டாக்டருக்குத்தான் தெரியும்னேன். மூணாங்கிளாஸுல? ஏட்டி, சும்மா வான்னேன். ரெண்டாங்கிளாஸுல? நான் கண்ண மூடித் தூங்குத மாதிரி சாஞ்சுக்கிட்டேன். ஒண்ணாங்கிளாஸுலயும் கேட்டுட்டுத்தான் விட்டா.

பள்ளிக்கூடத்துக்கு ஓடலாம்னு சர்ட்டிபிகேட்டு குடுத்தாச்சு. போன வெள்ளிக்கிழமை நூறு மீட்டர். நான் போயிருந்தேன். கடைசியா வந்தா. கடைசியா வந்தா என்ன, அது இல்ல. அவளுக்கு ஓடத் தெரியலம்மா. கைய எப்படி வீசணும்னு தெரியல. பத்து வயசுப் பிள்ளை, வலது கைய நெஞ்சுல பொத்தி வச்சுக்கிட்டே ஓடுதா. கைய எடு, கைய எடுன்னு பி.டி. சாரு கத்துதாரு. எடுக்கா, ரெண்டு எட்டு வைக்கா, மறுபடி கை அங்கன போயிருது. நான் வேலிக்குப் பின்னால நின்னுட்டு வந்துட்டேன்.

இன்னைக்குக் காலம்பற கிளம்பையில வாசல் வரைக்கும் வந்து, டாக்டருட்ட கேட்டுட்டு வாம்மா, எந்தக் கிளாஸுல இருந்து நான் ஓடியிருக்கலாம்னு கேட்டுட்டு வான்னு சொல்லி விட்டிருக்கா. தாளுல எழுதி வாங்கிட்டு வரணுமாம். அதுக்குத்தான் வந்திருக்கேன். வேற ஒண்ணும் இல்ல. எட்டு மணில இருந்து உக்காந்திருக்கேன்.

இந்தா, கூப்புடுதாவ. ஆமா, என் நம்பருதான். நீங்க போங்கம்மா. கைப்பிள்ளைக்காரி, எவ்வளவு நேரம் உக்காந்திருப்பிய, பிள்ளை எந்திரிச்சா அழும். நான் சொல்லிக்கிடுதேன் நர்ஸம்மாட்ட. இதுக்கு முன்னாலயும் மூணு பேர அனுப்பி விட்டேன், ஒண்ணும் சொல்ல மாட்டாவ. போங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.